ஜப்பானில் குடியேறுவோர் கற்க வேண்டிய பாடம்

மேற்படிப்புக்கும் வேலைக்குமாக ஜப்பான் செல்ல விரும்பும் தமிழ் மாணவர் நம்மிடையே பலர் உளர். அறிவியல் பயில்வோர்க்கு இவ்விருப்பம் இயல்பே. ஜப்பானிய அரசு 1954 ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு மாணவர்க்கு உதவித்தொகை அளித்து வருகிறது. மக்கள்தொகை குறைந்து முதியோர் பெருகிவரும் அந்நாட்டுக்கு வெளியாரின் உழைப்பும் தேவைப்படுகிறது. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வாழ்ந்த வெளிநாட்டார் தொகை 37 லட்சத்தைக் கடந்திருந்தது. ஆயினும் ஒரு நாட்டுக்குள் நுழைவது வேறு, அந்நாட்டுச் சமுதாயத்துள் நுழைவது வேறு. முன்னதற்குக் கடவுச்சீட்டும் விசாவும் போதும். பின்னதற்கு வேண்டுவன யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மொழியும் எழுத்தும்

ஜப்பானிய மொழியை எழுத மூவகை எழுத்துகள் வேண்டும். ஹிரகானா, கதகானா என்னும் ஒலியெழுத்துகளில் வகைக்கு 46 அடிப்படை எழுத்துகள் உண்டு. இவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மூன்றாவதாகிய கஞ்சி, சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து. பொது வழக்குக்கென அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 கஞ்சி எழுத்துகள் உள்ளன. ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு ஒலி பெறும். ஆகவே இதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

தமிழருக்கு இங்கே ஓர் ஆறுதல் உண்டு. ஜப்பானிய வாக்கியத்திலும் வினைச்சொல் இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும். ‘தோக்கியோ நி இகிமாசு’ என்பது, அதே வரிசையில், ‘தோக்கியோவுக்குப் போகிறேன்’ ஆகும். ‘நி’ என்பது நம் ‘கு’ உருபின் வேலையைச் செய்கிறது. இரு மொழிகளுக்கும் உறவுண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ எழுதினார். மொழியியலாரில் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், இவ்வொற்றுமை கற்போர்க்குத் துணையே.

மரியாதை வழக்கிலும் நமக்குச் சிறிது பழக்கம் உண்டு. ‘வா’ என்பதற்கும் ‘வாருங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஜப்பானியர் இதனினும் ஒரு படி மேலே சென்று, பெரியவர் உண்பதற்கு ஒரு சொல்லும், தாம் பணிவோடு உண்பதற்கு வேறொரு சொல்லும் வைத்திருக்கின்றனர்.

சொல்லாத சொல்

எழுத்தினும் கடினமானது, சொல்லாமல் விடுவதை அறிந்துகொள்வது. உள்ளத்தில் உள்ளதை ஹொன்னே என்றும், வெளியே காட்டத் தக்கதைத் ததெமாயே என்றும் ஜப்பானியர் பிரித்துக் கூறுவர். ஓர் உதவி கேட்டால் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல அவர்கள் தயங்குவர். ‘ச்சோத்தோ’, அதாவது ‘கொஞ்சம்...’ என்று இழுத்து நிறுத்துவர். அதுவே மறுப்பு. இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டா. பெண் பார்த்துச் சென்றவர் ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்றால், அதன் பொருளை நம் தாய்மார் அறியாரோ? நம் வீட்டில் சிற்சில வேளைகளில் நிகழ்வது அங்கே நாள்தோறும் நிகழ்கிறது. குறிப்பறிந்து நடப்பதை அவர்கள் ‘காற்றைப் படித்தல்’ என்பர்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. நம் இந்தி பிழையானால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே திருத்துகிறார். நாம் சத்தம் போட்டால் அடுத்த வீட்டார் கதவைத் தட்டுகிறார். அந்த நேரத்தில் அது கசந்தாலும், வழக்கத்தைக் கற்றுவிடுகிறோம். ஜப்பானிலோ பெரும்பாலும் எவரும் திருத்த முன்வருவதில்லை. நான்கு சொற்கள் பேசியவுடனே ‘மிக நன்றாகப் பேசுகிறீர்கள்’ என்று புகழ்வர். அப்புகழ்ச்சியைத் தேர்ச்சிச் சான்றிதழாகக் கொள்ளலாகாது. பிழை செய்தவன் தன் பிழையை அறியாமலே மெல்ல விலக்கப்படக்கூடும். புதியவர்க்கு நேரும் பெருந்துன்பம் இதுவே.

இதற்கு ஒரு வழி உண்டு. ‘நான் செய்தது சரியா?’ என்று கேட்டால் ‘சரி’ என்றே விடை வரும். ‘இதை நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேட்டால் செய்து காட்டுவர். கேள்வியை மாற்றினால் விடையும் மாறும் என்பதை ஆய்வு மாணவர் நன்கு அறிவர்.

வீடும் ஊரும்

குடியேறியவர், முகவரி அமைந்த 14 நாட்களுக்குள் ஊராட்சி அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். இது எளிது, வாடகை வீடு பெறுவதுதான் கடினம். முன்பணத்தோடு, வீட்டுக்காரருக்கு நன்றிப்பணமாகத் திரும்பி வாராத ஒரு தொகையும் பல இடங்களில் கேட்கப்படும். பிணை நிற்க ஒருவர், அல்லது அதற்கென உள்ள நிறுவனம் வேண்டும். இவையனைத்தும் இருந்தும் ‘வெளிநாட்டார்க்கு இல்லை’ என்ற விடை வருவதுண்டு. ஜப்பானிய நீதி அமைச்சகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடியவருள் பத்தில் ஏறத்தாழ நால்வர், வெளிநாட்டார் என்ற காரணத்தால் வீடு மறுக்கப்பட்டதாகக் கூறினர்.

இதனை மறைத்து அந்நாட்டைப் புகழ்வது நேர்மையாகாது. நாம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் இது முற்றும் தீராது; அந்நாட்டார் மனமும் மாற வேண்டும். ஊரும் உணவும் கேட்டு வீடு மறுப்போர் நம் நாட்டு நகரங்களிலும் உளர் என்பதையும் மறத்தல் கூடாது. முதலாண்டில் பல்கலைக்கழக விடுதியில் இடம் தேடுவது நலம்.

வீடு கிடைத்த பின் வரும் பாடம் குப்பை. எரியும் குப்பை, எரியாக் குப்பை, புட்டி, தாள் எனப் பிரித்து, அதனதற்குரிய நாளின் காலையில் வைத்தல் வேண்டும். ஊருக்கு ஊர் விதி மாறும். தவறாக வைத்த பை ஒரு சீட்டு ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும். அச்சீட்டைப் படிக்கவும் கஞ்சி வேண்டும்!

ஆய்வுக்கூடம்

பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜப்பானியம் வேண்டா என்று எண்ணுவோர் உளர். பட்டத்துக்கு அது போதலாம்; வாழ்வுக்குப் போதாது. ஆய்வுக்கூடத்தில் மூத்தவர் செம்பாய், இளையவர் கோஹாய். வயதினும் சேர்ந்த காலமே பெரிது. கருவியைக் கையாளக் கற்பிப்பவரும், பேராசிரியரின் மனத்தை அறிந்து சொல்பவரும் செம்பாயே. அறிவித்தல், செய்தி தெரிவித்தல், கலந்து பேசுதல் என்னும் மூன்றையும் சேர்த்து ஹோரென்சோ என்பர். அச்சொல்லுக்குப் பசலைக்கீரை என்றும் பொருள் உண்டாதலால் எவர்க்கும் மறவாது. நல்ல முடிவு கிடைத்த பிறகே ஆசிரியரிடம் செல்வது நம்மில் பலர் வழக்கம். அங்கே சிறு தடை நேர்ந்த அன்றே சொல்லிவிட வேண்டும்.

உணவும் தனிமையும்

மரக்கறி உண்பவர்க்குச் சோதனை மிகுதி. காய்கறிச் சாறு போலத் தோன்றுவதிலும் உலர்ந்த மீனின் சாரம் கலந்திருக்கும். தோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியர் மிகுதியாக வாழ்வதால் அரிசியும் பருப்பும் எளிதில் கிடைக்கின்றன. அத்தகைய இடம் முதல் மாதங்களில் பெருந்துணை. அதற்குள்ளேயே பல்லாண்டு கழிப்பின், நாடு மாறியும் ஊர் மாறாதவராவோம்.

ஜப்பான் நிலநடுக்க நாடு என்பதையும் நினைவிற் கொள்க. 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவில் நேர்ந்த நிலநடுக்கமும் கடல்கோளும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. அத்தகைய நேரத்தில் ஒலிபெருக்கி சொல்வது விளங்க வேண்டும். அடுத்த வீட்டார்க்கு நாம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். மொழியும் அண்டை உறவும் அன்று உயிர்காக்கும்.

ஆதலின் செல்ல விரும்புவோர் விண்ணப்பம் அனுப்பும் நாளிலேயே ஹிரகானாவைத் தொடங்குக. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து படிகளுள் இரண்டையேனும் இங்கிருந்தே கடந்து செல்க. அங்கே, மனம்விட்டுப் பேசும் ஒரு நண்பரையேனும் முதலாண்டிலேயே தேடிக்கொள்க. வெளிமாநிலத்துக்கு வந்த புதிதில் மொழியறியாது நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. ஆனால் இங்கே நம்மை அதட்டியேனும் கற்பித்தனர். ஜப்பானில், கற்பிக்குமாறு நாமே சென்று கேட்க வேண்டும். கேட்கத் துணிந்தவர்க்கு அங்கும் கதவு திறக்கும்.