குடும்பப் பெயரும் கருஞ்சேவல் முத்திரையும்

அன்புள்ள ரோஸ்லின்,

ஹோட்டல் நிர்வாகம் படிக்கிறவளுக்கு வர வேண்டிய சந்தேகம்தான் உனக்கும் வந்திருக்கிறது. இத்தாலியச் சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றின் மேல் ‘சிறு குடும்பத் தோட்டம்’ என்றும் ‘பாரம்பரிய முறை’ என்றும் அச்சிட்டிருந்தால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறாய். கேரளத்தில் 23 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. ஆகவே இப்போதைக்கு இது உனக்கு வெறும் பாடம்தான், அப்படியே இருக்கட்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு சொற்களையும் தனியாக வைத்துப் பார்த்தால் அவற்றுக்கு மதிப்பே கிடையாது. ஒரு வட்டாரத்தில் ஒயின் செய்கிறவர்கள் கூடி, எதையெல்லாம் செய்ய மாட்டோம் என்று எழுதி ஒப்புக்கொண்டு, அதை வெளியாள் வந்து சோதிக்கவும் இடம் கொடுத்திருந்தால்தான் அங்கே மரபு என்ற பேச்சுக்குப் பொருள் வருகிறது.

இதற்குச் சான்றாகச் சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் நெருங்கும்போது கொச்சியின் பிராட்வேயிலும் மார்க்கெட் ரோட்டிலும் பட்டை, கிராம்பு, ஏலம் வாங்குகிறவர்களில் பலர் கிறிஸ்துமஸ் ஒயின் போடுகிறவர்கள். கறுப்புத் திராட்சையை நசுக்கிப் பரணி ஜாடியில் இட்டு, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, மசாலா எல்லாம் சேர்த்து, தினமும் கிளறி, வாரக்கணக்கில் வைத்திருந்து வடிகட்டுவார்கள். நிறம் போதாவிட்டால் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவார்கள். திராட்சைக்குச் சரிநிகராகச் சர்க்கரை போடும் வீடுகள்கூட உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 12 சதவீதம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தாக வேண்டும். அது பழத்தில் இல்லாவிட்டால் மளிகைக் கடையிலிருந்து வரலாம். கொச்சியில் அப்படித்தான் வருகிறது. இத்தாலியில் ஒயினுக்குச் சாதாரணச் சர்க்கரை சேர்ப்பதைச் சட்டம் தடுக்கிறது. திராட்சைச் சாற்றையே கெட்டியாக்கிச் சேர்க்க மட்டும் வரையறைக்கு உட்பட்டு இடமுண்டு. இந்த ஒரு தடையால் ஒயின் செய்கிறவரின் கவலை பரணியிலிருந்து கொடிக்கு நகர்ந்துவிடுகிறது. எந்தச் சரிவில் வெயில் விழுகிறது, ஒரு கொடியில் எத்தனை குலை விடலாம், எந்த வாரம் அறுக்கலாம் என்பதெல்லாம் அப்போதுதான் உயிர் போகிற கேள்விகளாகின்றன. நிலத்தின் குணம் ஒயினில் தெரிகிறது என்று சொல்வதன் பின்னால் இந்தத் தடையும் நிற்கிறது.

ஊர்ப்பெயரைச் சொல்லி ஒயின் விற்பது புதிய வழக்கமில்லை. உனக்கு வடக்கே, பறவூருக்குப் பக்கத்திலுள்ள பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடிச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. பழங்காலத்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற வணிகக் கையேடு, குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் இத்தாலிய ஒயினுக்குத்தான் முதல் மரியாதை என்கிறது. கேரளக் கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளிலும் ஒயினைச் சேர்த்திருக்கிறது, அளவு அதிகமில்லை என்ற குறிப்போடு. யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டும் அறியும். ஆனால் பெயருக்குச் சட்டப்படி எல்லை வகுப்பது வேறு வேலை. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1716இல் கியாந்தி உள்ளிட்ட நான்கு வட்டாரங்களுக்கு எல்லை வரைந்து ஆணையிட்டார். வெளியே விளைந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். 1924இல் ராத்தா என்ற ஊரில் 33 உற்பத்தியாளர்கள் கூடி, கியாந்தி என்ற பெயரைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள். கருஞ்சேவல் அவர்களுடைய முத்திரை. இன்று அந்த மூல வட்டாரத்து ஒயினுக்குக் கியாந்தி கிளாசிக்கோ என்ற பெயரைப் போட வேண்டுமானால் சாஞ்சோவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு ஏழரை டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபர் வரும்வரை விற்பனைக்கு அனுப்பக் கூடாது. குடும்பம் சிறிதோ பெரிதோ, கணக்கு ஒன்றுதான்.

இங்கே நீ குறுக்கிடுவாய்: விதியைக் கம்பெனிகளும் நிறைவேற்றிவிடும், தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் உழைக்கும் குடும்பத்துக்கு இருக்கும் மானமும் அக்கறையும் தனி இல்லையா? அக்கறை இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அது வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாது. 1986இல் இத்தாலியின் பியமோந்தே பகுதியில் மலிவு ஒயினுக்கு வீரியம் ஏற்றுவதற்காக மெத்தனால் கலந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. வழக்கின் மையத்தில் இருந்தது நார்சோலே என்ற சிற்றூரில் தந்தையும் மகனும் நடத்திய ஒயின் தொழில். சிறிய ஊர், சொந்தக் குடும்பம், ஒயினுக்குப் பேர்போன மலைநாடு என எல்லா அடையாளமும் அங்கே இருந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் இதே மெத்தனால்தான்; அதைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், ‘குடும்பம்’ என்றால் சிறியது என்றும் எண்ணிவிடாதே. புளோரன்ஸின் அந்தினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது; இன்று அது உலகச் சந்தையில் பெரும்புள்ளி. கொலைகாரக் கலப்படத்துக்கும் கோடீஸ்வர வணிகத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒரு சொல்லைத் தரத்துக்குச் சான்றாக எப்படி வைப்பது?

நார்சோலே என் வாதத்தையும் கடிக்கிறது என்பது உண்மை. விதி அங்கேயும் இருந்தது. சோதிக்கிறவர் கண்ணில் படாத வரை அது காகிதமாகவே கிடந்தது. சோதனையை விதியின் பாதியாகவே நான் எண்ணுவது அதனால்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு கெடுபிடி கூடியது. 1992இல் ஒயின் பெயர்களுக்கான சட்டமே புதிதாக எழுதப்பட்டது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: விதியே தவறாக இருந்தால்? இதற்குக் கியாந்தியே சாட்சி. இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலி பிரபு தன் புரோலியோ தோட்டத்தில் பல்லாண்டு சோதித்துப் பார்த்து, 1872இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மணத்துக்கும் திடத்துக்கும் சாஞ்சோவேசே, அதன் கடுமையைத் தணிக்கக் கானயோலோ. மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை ஒயினை நீர்க்கச் செய்யும், நாள்பட வைத்துப் பக்குவப்படுத்தும் ஒயினுக்கு அது வேண்டாம், உடனே குடிப்பதற்கு ஆகும் என்பது அவர் கணிப்பு. 1967இல் கியாந்திக்குச் சட்ட விதி வந்தபோது அந்த நுணுக்கம் காணாமல் போனது. வெள்ளைத் திராட்சை குறைந்தது 10 சதவீதம் கட்டாயம் என்றார்கள். மலிவான வெள்ளைப் பழம் மிகுதியாக விளைந்த காலம் அது. மரபின் பெயரால் சந்தையின் வசதி உள்ளே நுழைந்தது என்றே நான் படிக்கிறேன். 1932இலும் இதேபோல் ஒன்று நடந்தது. கியாந்தி என்ற பெயர் நல்ல விலை போகிறதென்று பழைய எல்லைக்கு வெளியே பெரும்பரப்புக்கு அதை நீட்டினார்கள். மூல வட்டாரத்தினர் தங்களைப் பிரித்துக் காட்ட ‘கிளாசிக்கோ’ என்று ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. வெள்ளைத் திராட்சை விதிக்கு வருவோம். அந்தினோரி குடும்பம் 1971 அறுவடை முதல் ‘தின்யானெல்லோ’ என்ற ஒயினைக் கியாந்தி என்ற பெயரை விட்டுவிட்டு, சாதாரண ‘மேசை ஒயின்’ என்ற கடைசித் தட்டில் விற்றது. விலையும் புகழும் ஏறின. அப்படியானால் விதியை மீறியவனல்லவா நல்ல ஒயின் செய்தான்?

செய்தான்தான். ஆனால் யாரால் அது முடிந்தது என்று பார். ஆறு நூற்றாண்டுப் பெயரும் ஏற்றுமதி வலையும் வைத்திருப்பவர் முத்திரையைத் தூக்கியெறியலாம். நாலைந்து ஹெக்டேர் வைத்திருப்பவரை நியூயார்க்கிலோ கொச்சியிலோ யாருக்குத் தெரியும்? அவருக்குப் பொதுப்பெயர்தான் முதல். ஆகவே விதி தவறும்போது சிறியவருக்கு வேண்டியது விதி திருந்துவது. அது திருந்தவும் செய்தது, மெதுவாக: 1996இல் சாஞ்சோவேசேயை மட்டும் கொண்டே கிளாசிக்கோ செய்யலாம் என்றார்கள், 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சையையே விலக்கினார்கள். ரிக்காசோலியின் கடிதத்துக்கும் இதற்கும் இடையே 134 ஆண்டுகள். வேகம் போதாது என்று நீ சொன்னால் நானும் தலையாட்டுவேன். இருந்தாலும் எழுதி வைத்த விதி என்பதால்தான் எங்கே பிசகியது என்று காட்டித் திருத்த முடிந்தது.

கடைசியாக, நம் ஊர்க் கேள்வி. கொச்சி வீடுகளின் ஒயினுக்கு முத்திரையும் இல்லை, சங்கமும் இல்லை. அது மோசமா என்பாய். விற்காத வரை அதற்கு வேறொரு உத்தரவாதம் இருக்கிறது: போட்டவரே முதல் கிண்ணத்தைக் குடிக்கிறார். ‘வீட்டு ஒயின்’ என்று சொல்லிக் காசு வாங்கத் தொடங்கியதும் அந்த உத்தரவாதம் கழன்றுவிடுகிறது. சட்டமோ இன்னும் கறாரானது; உரிமமின்றி வீட்டில் ஒயின் போடுவதே அப்காரிச் சட்டப்படி குற்றம் என்று 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தது. 2022இல் கேரளம் சிறு ஒயின் ஆலைகளுக்கு விதி வகுத்தது, ஆனால் கேரளத்தில் விளைந்த பழங்களுக்கும் பிற விளைபொருள்களுக்கும் மட்டும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலை ஏறி வரும் பன்னீர் திராட்சைக்கு அதில் இடமில்லை. அந்தத் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் பழத்துக்குத்தான், ஒயினுக்கல்ல. திராட்சை ஒரு மாநிலத்தில், ஒயின் வழக்கம் இன்னொன்றில் என்று பிரிந்து கிடக்கும்வரை இங்கே ஒரு ராத்தா உருவாவது கடினம்.

ஆகவே பாட்டில் கைக்கு வந்தால் முன்பக்கக் கோட்டைப் படத்தையும் குடும்பச் சின்னத்தையும் விட்டுவிடு. அறுவடை ஆண்டைப் பார், விளைந்த வட்டாரத்தின் பெயரைப் பார், தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்ததா என்று பார். கழுத்தில் அரசு எண்ணிட்ட காகிதப் பட்டை இருக்கிறதா என்றும் பார். இவ்வளவும் சரியாக இருந்தும் ஒயின் பிடிக்காமல் போகலாம். சாஞ்சோவேசேயின் புளிப்பும் துவர்ப்பும், கிறிஸ்துமஸ் ஒயினின் இனிப்புக்குப் பழகிய நாக்கை முதல் மிடறில் சுளிக்க வைக்கும். காரசாரமான மீன்குழம்போடு வைத்தால் துவர்ப்பு இன்னும் ஏறும். பின்னாளில் விருந்தினருக்குப் பரிமாறும் வேலை வந்தால், ஆர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தப்பா