மூளைப் படமும் நோயாளியின் எதிர்காலமும்

நரம்பு நார்கள் செய்தி கொண்டு செல்லும் கம்பிகளுக்கு ஒப்பானவை. மின்கம்பியின் மீது ரப்பர் உறை இருப்பதுபோல, இவற்றின் மீது மயலின் என்னும் கொழுப்புறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே இவ்வுறையைத் தாக்கி, மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தழும்புகளை உண்டாக்குவதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோயாகும். பார்வை மங்குதல், கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், மிகுந்த சோர்வு ஆகியன இதன் குறிகள். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், உழைக்கும் பருவத்திலேயே இது தோன்றுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1868-ல் இதனைத் தெளிவுற விவரித்தார்.

இந்நோய் இந்தியாவில் மிக அரிது என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. எம்.ஆர்.ஐ. கருவி பரவிய பின்னர் இக்கருத்து மாறிற்று. கர்நாடகத்தின் மங்களூர் நகரில் நடத்தப்பெற்று, 2014-ல் வெளிவந்த ஆய்வு, லட்சம் பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது.

எம்.ஆர்.ஐ. கருவி எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. வலிமை மிக்க காந்தப் புலத்தில், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகைகளைக் கொண்டு படம் அமைக்கிறது. தழும்புகள் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரியும். கடோலினியம் கலந்த மருந்தை ஊசிவழிச் செலுத்தினால், புதிதாக அழற்சியுற்ற இடங்கள் தனித்து ஒளிரும்.

இப்படத்தைப் பார்த்து, நோயாளி பிற்காலத்தில் நடப்பாரா, நடக்கமாட்டாரா என்று கூற இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண, லண்டன் மருத்துவர்கள் முதல் தாக்குதலுக்கு ஆளான 71 பேரைச் சராசரியாக 14 ஆண்டுகள் கண்காணித்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்கத்திலேயே படத்தில் புள்ளிகள் இருந்தவர்களுள் 100-க்கு 88 பேருக்கு நோய் உறுதியாயிற்று. புள்ளிகள் இல்லாதவர்களுள் 100-க்கு 19 பேருக்கே உறுதியாயிற்று. ஆனால், ஐந்தாம் ஆண்டில் காணப்பட்ட தழும்புகளின் பரிமாணத்துக்கும், பதினான்காம் ஆண்டில் காணப்பட்ட இயலாமைக்கும் இடையே நடுத்தரமான தொடர்பே இருந்தது. நோய் வருமா என்பதைப் படம் நன்கு உரைக்கிறது. எவ்வளவு முடக்கும் என்பதை ஓரளவே உரைக்கிறது.

இதற்குக் காரணங்கள் உள. மூளையின் சில பகுதிகளில் பெரிய தழும்பும் வெளிக்குறியின்றி அடங்கியிருக்கும். தண்டுவடத்திலோ சிறு தழும்பே காலைத் தளரச் செய்யும். சேதமுற்ற வேலையை மூளையின் பிற பகுதிகள் ஓரளவு ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆகவே வல்லுநர் புள்ளிகளை எண்ணுவதோடு நில்லாது, தண்டுவடத் தழும்புகளையும், ஆண்டுதோறும் மூளை சுருங்கும் அளவையும் கருதுகின்றனர். இயலாமையை 0 முதல் 10 வரையுள்ள கர்ட்ஸ்கே அளவுகோலால் மதிப்பிடுகின்றனர். அதில் 6 என்பது, 100 மீட்டர் நடக்க ஓர் ஊன்றுகோல் தேவைப்படும் நிலையைக் குறிக்கும்.

படத்தில் புள்ளிகள் மிகுந்திருக்கின்றன என்று கேட்டவுடன், ஊழியர் வேலையைவிட்டு விலகுவதும், மாணவர் படிப்பை நிறுத்துவதும் அறியாமையின் விளைவேயாகும். படம் தீர்ப்பன்று, எச்சரிக்கை. நோயைத் தணிக்கும் மருந்துகளை விரைவில் தொடங்குவதற்கு அது வழிகாட்டுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பணிக்காலத்தில் இயலாமை எய்திய அரசு ஊழியரை, அதன் பொருட்டுப் பணிநீக்கம் செய்வதோ பதவியிறக்கம் செய்வதோ கூடாதென்பது இச்சட்டத்தின் பொது விதி.

பார்வை மங்கல் தானே நீங்கிவிட்டதென்று எவரும் அசட்டையாக இருத்தல் ஆகாது. முதல் தாக்குதல் தணிவது இந்நோயின் இயல்பு. அத்தகையோரைத் தாமதமின்றி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புதலும், வெயிலில் அவர்களது தளர்ச்சி மிகுவதைச் சோம்பல் எனக் கொள்ளாதிருத்தலும் களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் கடமைகளாம்.