இலையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடி

இரணியல் பக்கத்து விளை ஒன்றில் நின்று சுற்றிப் பாருங்க. தென்னை, வாழை, அயனி, பலா, நல்லமிளகு, மரச்சீனி, சேம்பு, காய்ச்சில், வேலியோரம் நொச்சி, ஆடாதோடை, வரப்புக்கு அந்தப் பக்கம் ரப்பர். பேரெல்லாம் நமக்குத் தெரியும். ஆனா பூ, காய் இல்லாம இலையை மட்டும் கையில் கொடுத்தா எத்தனை பேர் சரியாச் சொல்வோம்? ஆடு வளர்க்கிறவங்களுக்கும் பூச்சிவிரட்டி தயாரிக்கிறவங்களுக்கும் இது அவசியமான படிப்பு.

முதல்ல, ஒரு இலை என்பது எதுவரைக்கும்? காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் சின்ன மொட்டு இருக்கும். அங்கிருந்து நுனி வரைக்கும் ஒரே இலை. ரப்பரில் மூணு இலையாத் தெரிவது மூணு சிற்றிலை சேர்ந்த ஒரு கூட்டிலை. சிற்றிலையின் அடியில் மொட்டு கிடையாது. மரச்சீனி இலை விரல் விரலாப் பிரிஞ்சிருந்தாலும் அடியில் ஒட்டியிருக்கும், அது தனியிலை. முருங்கையில் சின்னக் கிளை மாதிரித் தொங்குவது முழுசும் ஒரே இலைதான்!

அடுத்து நரம்பு. நெல், தென்னை, வாழை, மஞ்சள் எல்லாம் ஒருவித்திலை. நரம்புகள் இணையா ஓடும், சல்லிவேர். பலா, மா, புங்கன் இலைகளில் வலை மாதிரிப் பின்னியிருக்கும். காய்ச்சிலும் சேம்பும் மட்டும் ஏமாத்தும். ஒருவித்திலையா இருந்தும் வலைப்பின்னல் காட்டும்.

நொச்சிக்கும் மூணு அல்லது அஞ்சு சிற்றிலை. ரப்பர் கன்றோடு குழம்ப வேண்டாம். நொச்சியில் இலைகள் எதிரெதிரா, ஜோடியா இருக்கும், அடிப்பக்கம் வெளுத்திருக்கும், கசக்கினா நெடி அடிக்கும். ரப்பரில் மாறிமாறி இருக்கும், ஒடிச்சாப் பால் வரும்.

ரப்பரும் மரச்சீனியும் ஆமணக்குக் குடும்பம். இந்த ரெண்டின் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கு. பச்சையா நிறையத் தின்ற ஆடு மூச்சுத்திணறி, தள்ளாடி, கொஞ்ச நேரத்திலேயே விழுந்துடும். கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாம உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும். மரச்சீனி இலையை நறுக்கி, வெயிலில் நல்லாக் காயவிட்டா நஞ்சு பெருமளவு குறையும். கிழங்கு பறிக்கிற நாளில் ஆட்டை அந்தப் பக்கம் அவுத்து விடாதீங்க.

ஆடு ஒதுக்கும் இலைக்கும் வேலை உண்டு. ஆடுமாடு தின்னாதது, ஒடிச்சாப் பால் வடிவது, கசப்பது, நாற்றம் அடிப்பது, இப்படிப் பார்த்துத்தான் பூச்சிவிரட்டிக்கு இலை தேடச் சொன்னார் நம்மாழ்வார் ஐயா. ஆடாதோடை, எருக்கு, வேம்பு, நொச்சி, உண்ணிச்செடி, எல்லாம் இந்தக் கணக்கில் வருது. எருக்கம்பால் மட்டும் கண்ணில் படாமப் பார்த்துக்கோங்க.

உங்க விளையில் பத்து இலை பறிச்சு, பழைய செய்தித்தாளுக்குள் வச்சு, மேலே கனமான கல் வையுங்க. நல்லாக் காஞ்சதும் நோட்டில் ஒட்டி, ஊர்ப்பேரை எழுதுங்க. பேர் விஷயத்தில் கவனம், ஆடாதோடையே எல்லை தாண்டினா ஆடலோடகம்.