குறைந்த செலவில் கொச்சி: ஒரு குடும்பப் பயணத்தின் கணக்கு

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியார்ப் பகுதிகளிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் வாழும் நம் வாடிக்கையாளர் பலருக்கு எர்ணாகுளம் புதிய ஊர் அன்று. உயர்நீதிமன்றம் அங்கு உள்ளது. பெரிய மருத்துவமனைகள் அங்கு உள்ளன. ஆயினும் நோயாளிக்குத் துணையாகவோ வழக்கின் பொருட்டோ சென்று திரும்பியவர்கள் அந்நகரைக் கண்டவர்கள் ஆகார். பிள்ளைகளை அழைத்துச் சென்று கடலையும் கப்பலையும் காட்ட வேண்டும் என்னும் விருப்பம் பல குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுந்து, ‘செலவு தாங்காது’ என்னும் சொல்லோடு அடங்கிவிடுகிறது. வேறு சிலர் நகையை அடகு வைத்தேனும் போய்வர எண்ணுகின்றனர். கடன் பிரிவில் அமர்ந்திருக்கும் என் போன்றோர் இவ்விரு சாராரையும் காண்கிறோம். இருவருமே தாளில் கணக்கு எழுதிப் பார்த்தவர்கள் அல்லர்.

எழுதிப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை தெரியும். நகரைக் காண்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பணம் கரைவது ஓர் இடத்திற்கும் மற்றோர் இடத்திற்கும் இடையேதான்: நிலையத்திலிருந்து விடுதிக்கு ஆட்டோ, விடுதியிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ, வழி தெரியாத நேரத்தில் வாடகைக் கார். இவ்விடைவெளிகளை முன்கூட்டியே அடைத்துவிட்டால் பயணத்தின் செலவு பாதியாகக் குறையக்கூடும்.

முதல் இடைவெளி நகரின் வாயில். பாலக்காட்டிலிருந்து ரயிலில் வருவோரும், மூணாறிலிருந்து அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் கடந்து ஆலுவா வழிப் பேருந்தில் வருவோரும் ஆலுவாவிலேயே இறங்கிவிடுவது நலம். கொச்சி மெட்ரோ ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. 2017 ஜூன் மாதம் ஆலுவா முதல் பாலாரிவட்டம் வரை தொடங்கப்பட்ட இத்தடம், 2024 மார்ச் மாதம் திருப்பூணித்துறை வரை நீண்டது. குறைந்த கட்டணம் 10 ரூபாய். மிக அதிகம் 60 ரூபாய். சாலை நெரிசலில் சிக்காமல், தூண்களின் மேல் சென்றவாறே நகரின் முழு நீளத்தையும் பிள்ளைகள் பார்த்துவிடலாம். குமுளி, வண்டிப்பெரியார் வழியாக வருவோருக்கு வைற்றிலா பேருந்து மையம் வாயிலாகும்; அங்கும் மெட்ரோ நிலையம் அருகிலேயே உள்ளது.

இரண்டாவது இடைவெளி நீர். எர்ணாகுளத்திற்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே காயல் கிடக்கிறது. சாலை வழி சுற்று; படகு வழி நேர். இங்கு இரு வகைப் படகுகள் உண்டு. ஒன்று, 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ. மின்கலத்தால் இயங்கும் இப்படகுகளைக் கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஒருவருக்கு 40 ரூபாய். மற்றொன்று, மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு. எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து புறப்படும் இதற்குப் பத்து ரூபாய்க்குள்தான் கட்டணம். மகாராஜாஸ் கல்லூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கியவர்கள் அத்துறைக்கு நடந்தே சென்றுவிடலாம். நால்வருக்கு ஒரு வழிக்கு முன்னது 160 ரூபாய், பின்னது 40 ரூபாயைத் தாண்டாது. ஒன்றில் சென்று மற்றதில் திரும்புவது என் பரிந்துரை. குளிரூட்டிய படகைப் பிள்ளைகள் விரும்புவர். காற்று முகத்தில் அடிக்கும் பழைய படகைப் பெரியவர்கள் விரும்புவர். துறைமுகத்து மரக்கலங்களும் பளுதூக்கிகளும் இரண்டிலிருந்தும் ஒன்றுபோலவே தெரியும்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கிய பின் பெரும்பாலானவை இலவசம். சீன வலைகளைக் கரையில் நின்று காணக் கட்டணம் இல்லை. வலையிழுக்க அழைத்துப் படம் எடுக்கச் செய்பவர் பின்னர் பணம் எதிர்பார்ப்பார் என்பதை மட்டும் நினைவில் கொள்க. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமா 1524 ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பட்ட இடம் உள்ளது. பின்னர் அவருடைய எச்சங்கள் லிஸ்பனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. மட்டாஞ்சேரி அரண்மனையில் இராமாயணச் சுவரோவியங்கள் உள்ளன. போர்ச்சுகீசியர் கட்டி மன்னருக்கு அளித்த இவ்வரண்மனையைப் பின்னாளில் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அருகே 1568 ஆம் ஆண்டு எழுந்த யூதர் தொழுகைக்கூடம். இரண்டின் நுழைவுக் கட்டணமும் ஒரு தேநீர், வடைச் செலவுக்கு மேல் போகாது. நாள் பார்த்துச் செல்வது முக்கியம்: அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தொழுகைக்கூடத்திற்குச் சனிக்கிழமை விடுமுறை. வார விடுப்பு ஞாயிறாக உள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது வசதியே.

சுற்றுலா வழிகாட்டிகள் சுருக்கமாகக் கடந்து செல்லும் ஓர் இடத்தை நம் வாசகர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். ஃபோர்ட் கொச்சி வேலிப் பகுதியில் ‘தோபி கானா’ என்னும் சலவைக்கூடம் உள்ளது. டச்சுப் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கு தொழில் செய்கின்றனர், தமிழ் பேசுகின்றனர். தேயிலைக்காக மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள், வெளுப்புக்காகக் கடற்கரை சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளைச் சந்திப்பதற்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. வேலை நடக்கும் இடம் என்பதால் அனுமதி கேட்டு உள்ளே செல்வதும், கேட்டே படம் எடுப்பதும் முறை.

இவ்விடங்களுக்கிடையே நடக்கலாம், மட்டாஞ்சேரி மட்டும் சற்றுத் தொலைவு. ‘ஐம்பது ரூபாய்க்கு எல்லா இடமும்’ என்று அழைக்கும் ஆட்டோ பெரும்பாலும் மசாலாக் கடைகளிலும் கைவினைக் கடைகளிலும் நிற்கும். ஏலக்காயும் மிளகும் விளையும் மலையிலிருந்து வந்தவர்கள் அவற்றைக் கொச்சியில் சுற்றுலா விலைக்கு வாங்குவது வேடிக்கை அல்லவா?

மூன்றாவது இடைவெளி இரவு. பாலக்காட்டுக்காரர்கள் ஒரே நாளில் திரும்பிவிடலாம். நூறு ரூபாய்க்குள் அடங்கும் முன்பதிவில்லாப் பயணச்சீட்டு போதும். மலைவாசிகளுக்குப் பேருந்துப் பயணமே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பதால் ஓர் இரவு தங்க நேரும். ஃபோர்ட் கொச்சியை விட எர்ணாகுளம் ரயில் நிலையங்களை ஒட்டிய எளிய விடுதிகள் மலிவு. பெண்கள் மட்டும் செல்லும் குழுவாயின், எர்ணாகுளம் டவுன் நிலையத்தின் அருகே கொச்சி மாநகராட்சி ஏற்படுத்திய ‘ஷீ லாட்ஜ்’ உள்ளது. மாநகராட்சியின் ‘சம்ருத்தி’ உணவகமும் அங்கேயே. 2021 இல் பத்து ரூபாய் மதிய உணவோடு தொடங்கிப் புகழ்பெற்றது அது. டிசம்பர் இறுதியில் கொச்சித் திருவிழாவால் அறை வாடகை உயரும்; அந்த வாரத்தைத் தவிர்ப்பது நன்று.

இனிக் கணக்கு. நால்வருக்கு மெட்ரோ போகவர, மிக அதிகக் கட்டணத்தில் கொண்டாலும் 480 ரூபாய். படகு 200. நுழைவுக் கட்டணங்கள் சேர்த்தும் நகருக்குள் ஆகும் செலவு 800 ரூபாயை ஒட்டியே நிற்கும். பேருந்து, ஓர் இரவுத் தங்கல், இரு நாள் உணவு ஆகியவற்றைக் கூட்டினாலும், சிக்கனமாகச் செய்தால் மலைக் குடும்பத்திற்கு 6,000 ரூபாய்க்குள் அடங்கும். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆறு மாதத் தொடர் வைப்பு இதற்குப் போதும். அக்டோபரில் தொடங்கினால் கோடை விடுமுறைக்குக் கையில் இருக்கும். இத்தொகைக்காக நகையை அடகு வைப்பது தேவையற்றது. பயணம் இரண்டு நாளில் முடிந்துவிடும், வட்டி பல மாதம் தொடரும்.

பணத்தை எடுத்துச் செல்லும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் மெட்ரோ ரயில் ஓடினாலும், ஏடிஎம் விதிகளின்படி அது மெட்ரோ நகரம் அன்று. அப்பட்டியலில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, தில்லி, கொல்கத்தா மட்டுமே உள்ளன. ஆகவே சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் பிற வங்கி ஏடிஎம்களைக் கொச்சியில் மாதம் ஐந்து முறை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சென்னையில் மூன்று முறையே. அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை பிடிக்கப்படலாம். நிலுவை பார்ப்பதும் ஒரு முறையாகவே எண்ணப்படும்.

சிறு செலவுகளுக்கு யுபிஐ லைட் ஏற்றது. அதில் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை இரகசிய எண் இன்றிச் செலுத்தலாம். எண் தேவைப்படாது என்பதால் அன்றைய செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் அதில் ஏற்றி, கைப்பேசித் திரைக்குப் பூட்டு வைத்துக்கொள்க. ஊர் திரும்பிய பின் அதில் எஞ்சியதைக் கட்டணமின்றிக் கணக்கிற்கே மாற்றிக்கொள்ளலாம்.