ஊரைத் தூக்கிப் போக முடியுமா?

வீட்டை விட்டுப் போகிறவர் பாத்திரத்தை எடுத்துப் போகலாம். மாட்டை ஓட்டிப் போகலாம். கோயிலையும் குளத்தையும் எடுத்துப் போக முடியுமா? 1947-ஆம் ஆண்டில் பஞ்சாப் மக்கள் இப்படித்தான் தவித்து நின்றார்கள்.

எல்லைக் கோடு

அப்போது பஞ்சாப் ஒரே மாகாணம். இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள். 1947 ஆகஸ்டு மாதம் நமக்கு விடுதலை கிடைத்தது. அதே சமயம் நாடு இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டானது. எல்லைக் கோடு பஞ்சாபின் நடுவே விழுந்தது.

கலவரம் மூண்டது. பல லட்சம் பேர் இறந்தார்கள். ஒரு கோடிக்கும் அதிகமானோர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். மேற்கே இருந்த சீக்கியர்களும் இந்துக்களும் இந்தியா வந்தார்கள். கிழக்கே இருந்த முஸ்லிம்கள் பாகிஸ்தான் போனார்கள். ரயிலில் போனார்கள். மாட்டு வண்டியில் போனார்கள். நடந்தும் போனார்கள்.

பாழான இடங்கள்

சீக்கிய மதத்தைத் தோற்றுவித்தவர் குரு நானக். அவர் 1469-இல் பிறந்தார். பிறந்த ஊர் நங்கானா சாகிப். பிறகு ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூர் என்ற ஊரை உண்டாக்கினார். அங்கே உழுது பயிர் செய்தார். 1539-இல் அங்கேயே மறைந்தார். இரண்டு ஊர்களும் இன்று பாகிஸ்தானில் உள்ளன.

சீக்கியர் வழிபடும் இடத்துக்குக் குருத்வாரா என்று பெயர். மேற்குப் பஞ்சாபில் பல ஊர்களில் குருத்வாரா இருந்தது. மக்கள் போனபின் பார்த்துக் கொள்ள ஆள் இல்லை. நங்கானா சாகிப் போன்ற பெரியவை தப்பின. சிற்றூர்களில் பல இடிந்தன. சில வீடாயின. சில பள்ளிக்கூடமாயின. அங்கே குடியேறியவர்களில் பலர் இந்தியாவில் தம் ஊரை இழந்து வந்தவர்கள். இந்தியப் பஞ்சாபில் அவர்கள் விட்டுப் போன மசூதிகளுக்கும் இதே கதிதான்.

பாட்டும் போயிற்று

கட்டடம் மட்டுமா போயிற்று? குரு நானக்கின் தோழர் மர்தானா ஒரு முஸ்லிம். நானக் பாடுவார். மர்தானா ரபாப் வாசிப்பார். ரபாப் ஒரு நரம்பு வாத்தியம். அந்த வழியில் வந்த முஸ்லிம் பாடகர்களுக்கு ரபாபிகள் என்று பெயர். அமிர்தசரஸ் பொற்கோயிலிலும் அவர்கள் பாடினார்கள்.

1947-இல் அவர்கள் பாகிஸ்தான் போனார்கள். அங்கே கேட்கச் சீக்கியர் இல்லை. இங்கே பாட ரபாபிகள் இல்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு மெல்ல மறைந்தது. பாடுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து இருந்தால்தானே பாட்டு வாழும்?

கையோடு வந்தவை

சிலவற்றை மக்கள் விடவில்லை. லயல்பூரில் 1908-இல் ஒரு கால்சா கல்லூரி தொடங்கியது. பிரிவினைக்குப் பின் 1948-இல் அதை இந்தியாவில் ஜலந்தரில் மறுபடி தொடங்கினார்கள். அங்கே லயல்பூரின் பெயர் பைசலாபாத் என்று மாறிவிட்டது. இங்கே கல்லூரியின் பெயர் இன்றும் லயல்பூர் கால்சா கல்லூரிதான்.

அமிர்தசரசில் 2017-இல் பிரிவினை அருங்காட்சியகம் திறந்தார்கள். அகதிகள் கொண்டு வந்த பொருள்கள் அங்கே உள்ளன. பூவேலை செய்த ஒரு மேற்சட்டை உண்டு. ஒரு தோல் பெட்டி உண்டு. பெரியவர்கள் சொன்ன கதைகளையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

திறந்த வழி, மூடிய வழி

எல்லையிலிருந்து கர்த்தார்பூர் சுமார் 4 கிலோமீட்டர்தான். பல ஆண்டுகள் மக்கள் இந்தப் பக்கம் நின்று தொலைநோக்கியில் பார்த்துக் கும்பிட்டார்கள். 2019 நவம்பர் 9 அன்று விசா இல்லாமல் போய்வர வழி திறந்தது. 2025 மே மாதம் இரு நாடுகளும் மோதின. அந்த வழி மூடப்பட்டது.

ஊரைத் தூக்கிப் போக முடியாது. ஊரின் நினைவை எழுதி வைக்கலாம். ஊரை விட்டு வந்த பெரியவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா? அவர் சொல்வதைக் கேளுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். எழுதி வையுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. ரபாபிகளின் பாட்டு ஏன் மறைந்தது?
2. ஜலந்தர் கல்லூரிக்குப் பழைய ஊரின் பெயரை ஏன் வைத்தார்கள்?
3. வேறு மதத்தார் விட்டுப் போன வழிபாட்டு இடம் நம் ஊரில் இருந்தால் நாம் என்ன செய்யலாம்?