அவளிடம் நேராகவே கேள்

தூத்துக்குடி

அன்புள்ள மருமகளுக்கு,

உன்கூடப் படிக்கிற பிள்ளை, "நான் இல்லாமப் போனா யாருக்கு என்ன நட்டம்?" என்று இரண்டு மூன்று தடவை சொன்னதாக எழுதியிருந்தாய். "சாவேன்னு சொல்றவ சாகமாட்டா, விடு" என்றாளாம் உன் பெரியம்மா. அது தப்பு. அப்படிப் போனவர்களில் பலர் முன்னாலேயே யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர்த் துக்க வீட்டுப் பந்தலில் காபி டம்ளர் கைக்கு வருமுன்னே காரணம் முடிவாகிவிடும். மார்க், இல்லை காதல், இல்லை கடன். உண்மையில் மனச்சோர்வு, குடி, தீராத நோய், வீட்டுச் சண்டை என்று பலதும் சேர்ந்துதான் ஆளை நெருக்குகின்றன. அடுத்து ஒருவர் குரலைத் தாழ்த்தி, "சாமி பூசை வைப்பாரா?" என்பார். 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது மெய்தான். 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. நாற்பது வருஷம் கழிந்தும் நம் கடற்கரைத் தெருக்களில் பழைய சட்டம்தான் நடக்கிறது!

போலீஸ் பயமும் இப்படியே. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே கிடையாது. கேஸுக்குப் பயந்து டாக்டரிடம் உண்மையை மறைப்பது இனி வெறும் அறியாமை.

"நினைச்சவன் எப்படியும் செஞ்சிருவான்" என்ற பேச்சையும் நம்பாதே. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1995 வாக்கில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகளுக்கு அரசு படிப்படியாகத் தடை போட்டது. பத்து வருஷத்தில் அந்தக் கணக்கு ஏறக்குறைய பாதியானது. சாகத் தூண்டும் அந்த வேகம் தணியும்வரை தாக்குப்பிடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, "சாகணும்னு தோணுதா?" என்று அவளிடம் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்குப் பாரம்தான் இறங்கும். புத்தி சொல்லாதே, அவள் பேசட்டும். "யாருகிட்டயும் சொல்லாத" என்று சத்தியம் கேட்டால் செய்துகொடுக்காதே. சாகத் தோணுது என்று அவள் சொன்னால் தனியே விடாமல், அவள் அம்மாவிடமோ டீச்சரிடமோ அன்றே சொல்லிவிடு. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகட்டும். மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. நாளைக்கு என்று தள்ளாமல் இன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போ.

அன்புடன்,
மாமா