மருந்துப் புட்டியை வாசித்த மாணவி

வடிவமைப்புக் கலை பயிலும் மாணவர்கள், படிப்பை முடிக்கும் தறுவாயில் தாமே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதை ஆராய்ந்து புதிதாக வடிவமைப்பதுண்டு. சிலர் எழுத்துருக்களை உருவாக்குவர். சிலர் சுவரொட்டிகள் வரைவர். சிலர் கைப்பேசிச் செயலிகளில் இறங்குவர். நியூயார்க்கில் உள்ள ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த டெபோரா அட்லர் எடுத்துக்கொண்டதோ ஒரு மருந்துப் புட்டி. அதற்கான காரணம் அவருடைய குடும்பத்திலேயே இருந்தது. அவருடைய பாட்டி, தாத்தாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளைத் தம்முடையவை என்று எண்ணி விழுங்கிவிட்டார்.

இத்தகைய நேரத்தில், "பார்த்துச் சாப்பிட்டிருக்க வேண்டாமா?" என்று பெரியவர்களைக் கடிந்துகொள்வது எளிது. முதுமை, மறதி, கவனக்குறைவு என்று காரணங்களையும் அடுக்கிவிடலாம். அட்லரின் கவனம் பாட்டியின் மீது செல்லாமல் புட்டியின் மீது சென்றது.

நம் மருந்தகங்களில் பெரும்பாலும் மாத்திரைகளைச் சிறு நெகிழிப் பையில் போட்டுத் தருவார்கள். அமெரிக்காவில் மருந்தாளர் மாத்திரைகளை எண்ணி, செம்மஞ்சள் நிறமுள்ள உருளை வடிவப் புட்டியில் இட்டு, அதன்மேல் ஒரு லேபிளை ஒட்டிக் கொடுப்பார். பல பத்தாண்டுகளாக அந்தப் புட்டியின் தோற்றத்தில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. 1970ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்திற்குப் பிறகு, சிறு குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடி அதற்குக் கிடைத்தது. மற்றபடி அது பழைய புட்டியேதான்.

அதைப் படிக்க முயன்றால் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். புட்டி உருண்டையாக இருப்பதால் லேபிள் முழுவதையும் ஒரே பார்வையில் படிக்க முடியாது. கையில் வைத்துச் சுழற்ற வேண்டும். லேபிளில் முதலில் கண்ணில் படுவது மருந்தகத்தின் பெயரும் சின்னமும். நோயாளிக்குத் தேவையான மருந்தின் பெயரோ சிறிய எழுத்தில் எங்கோ ஒதுங்கியிருக்கும். எச்சரிக்கைகள் தனித்தனி வண்ணத் தாள்களில் ஒட்டப்பட்டிருக்கும். அடர்ந்த ஆரஞ்சு நிறத்தின்மேல் கறுப்பு எழுத்து என்றால், மங்கிய கண்ணுக்கு அது வெறும் கறைதான். மருந்தோடு தரப்படும் விளக்கத்தாள் பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்குச் சென்றுவிடும்.

சொற்களிலும் சிக்கல் இருந்தது. "ஒருமுறை" என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் 'ஓ, என், சி, ஈ' என்பன. ஸ்பானிய மொழியில் அதே நான்கு எழுத்துகள் 'பதினொன்று' என்னும் எண்ணைக் குறிக்கும். ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்த ஒருவர் அந்த லேபிளைப் படித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! அட்லர் தம் லேபிளில் அந்தச் சொல்லையே தவிர்த்தார். இரு மொழிகளுக்கிடையே வாழ்பவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகவே புரியும்.

அட்லரின் வடிவமைப்பில் லேபிளை ஒரு கோடு இரண்டாகப் பிரித்தது. மருந்தின் பெயர், அதன் அளவு, உட்கொள்ளும் முறை ஆகியவை கோட்டுக்கு மேலே வந்தன. மருத்துவரின் பெயர், மாத்திரைகளின் எண்ணிக்கை, காலாவதி நாள் போன்றவை கீழே சென்றன. எல்லாமே தேவையான தகவல்கள்தாம். ஆனால் நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் விளக்கைப் போட்டுப் புட்டியை எடுப்பவருக்கு முதலில் தேவைப்படுபவை எவை என்பதே அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

கல்லூரியில் உருவான இந்த மாதிரி, டார்கெட் என்னும் பெரிய கடைத்தொடரின் ஆதரவைப் பெற்றது. எனினும், தாளில் வரைந்தது அப்படியே கடைக்கு வரவில்லை. லேபிள் தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக அட்லர் அரைவட்ட வடிவப் புட்டியைத்தான் முதலில் எண்ணியிருந்தார். குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு அவ்வடிவம் ஒத்துவரவில்லை. டார்கெட் நிறுவனம் பணியமர்த்திய கிளௌஸ் ரோஸ்பர்க் என்னும் தொழில்துறை வடிவமைப்பாளர், புட்டியைத் தலைகீழாக்கினார். அகன்ற மூடியே அடிப்பாகமாயிற்று. தட்டையான பக்கங்களில் லேபிள் சுருங்காமல் படிந்தது. மேல்விளிம்பைத் தாண்டி மடிந்தும் சென்றது. ஆகவே, இழுப்பறைக்குள் நிற்கும் புட்டியை எடுக்காமலேயே, மேலிருந்து மருந்தின் பெயரைப் படிக்க முடிந்தது. ஒருவருடைய முதல் எண்ணத்தை மற்றொருவர் மாற்றியமைப்பது இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி.

குடும்பத்தில் யாருடைய மருந்து எது என்ற பழைய சிக்கலுக்கு ஒரு சிறு வளையம் தீர்வானது. மூடிக்கு அருகே பொருத்தப்படும் அந்த நெகிழி வளையம் ஆறு வண்ணங்களில் கிடைத்தது. வீட்டில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வண்ணத்தை வைத்துக்கொள்ளலாம். விளக்கத்தாள் ஒரு சிறு அட்டையாகி, லேபிளுக்குப் பின்னால் செருகப்பட்டது. எச்சரிக்கைக் குறியீடுகளை அட்லரும் மூத்த வடிவமைப்பாளர் மில்டன் கிளேசரும் சேர்ந்து திருத்தி வரைந்தனர். நியூயார்க்கை நேசிப்பதாகச் சொல்ல ஒரு சிவப்பு இதயத்தை வரைந்து உலகப் புகழ்பெற்றவர் இந்தக் கிளேசர்தான்.

2005ஆம் ஆண்டில் இப்புட்டி 'கிளியர் ஆர்எக்ஸ்' என்னும் பெயரில் டார்கெட் மருந்தகங்களுக்கு வந்தது. அதே ஆண்டில், நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகம் அதைக் காட்சிக்கு வைத்தது. ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பெயர்பெற்ற அந்த இடத்தில் மாத்திரைப் புட்டி ஒன்றைக் கண்டு வியந்தவர்கள் உண்டு. ஆனால், அதற்கு உரிய இடம் சமையலறை அலமாரிதான்.

பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த இடமும் கைநழுவியது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் டார்கெட் தன் மருந்தகங்களை, 1,600க்கும் மேற்பட்ட கிளைகளை, சிவிஎஸ் என்னும் நிறுவனத்திற்கு விற்றது. அடுத்த ஆண்டு சிவப்புப் புட்டிகள் மறைந்து, வழக்கமான உருளைப் புட்டிகள் மீண்டும் வந்தன. வாடிக்கையாளர் பலர் கடையிலும் சமூக ஊடகங்களிலும் முறையிட்டனர். காலியான சிவப்புப் புட்டிகளைத் தூக்கி எறிய மனமின்றி வைத்துக்கொண்டோரும் உண்டு. சிறந்த வடிவமைப்பு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பொருள், கடை கைமாறியதால் காணாமற்போனது. வடிவமைப்பாளர் என்னதான் திறமையாக வரைந்தாலும், அதைத் தொடர்ந்து தயாரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை.

அட்லர் இத்துறையை விட்டு விலகவில்லை. அதே சிவிஎஸ் நிறுவனத்துடன் இணைந்து 2017ஆம் ஆண்டில் அவர் வேறொரு சிக்கலைக் கையில் எடுத்தார். ஐந்தாறு மருந்துகளை உட்கொள்பவருக்கு ஒவ்வொரு புட்டியும் தெளிவாக இருந்தாலும், எல்லாவற்றையும் சேர்த்து எப்போது எதைச் சாப்பிடுவது என்பது குழப்பமே. அதனால் அவர் புட்டிக்கு வெளியே வந்து, ஓர் அட்டவணையை வடிவமைத்தார். நோயாளியின் மருந்துகள் அனைத்தும் அதில் இடம்பெறும். காலை, நண்பகல், மாலை, உறங்கும் நேரம் என்று ஒரு நாள் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த வேளையில் எந்த மாத்திரை, எத்தனை என்பதைப் பார்த்த உடனே அறிந்துகொள்ளலாம்.